சைகாவின் கொம்பு உதிர்வதில்லை

சீன மருந்துக் கடையில் ஒரு சைகாக் கொம்பு இருந்தால் அதைப் பற்றி ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லலாம். அதைச் சுமந்த கிடா இப்போது உயிரோடு இல்லை. புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்த்துக்கொள்ளும், அதனால் காட்டில் பொறுக்கினேன் என்று சொன்னால் நம்ப இடமிருக்கிறது. சைகா மான் அல்ல, இரலை. நம் ஊர் வெளிமானுக்கு இருப்பதுபோல உள்ளே எலும்புத் தண்டு, அதன்மேல் நகம் எதனால் ஆனதோ அதே பொருளில் ஓர் உறை. ஆயுள் முழுக்க அந்த ஒரு ஜோடிதான். கொம்பு கிடாவுக்கு மட்டுமே உண்டு, பெட்டைக்குக் கிடையாது. இந்த விலங்கைக் காப்பாற்றுவதில் உள்ள சிக்கலில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சைகா வாழ்வது நடு ஆசியாவின் புல்வெளிகளிலும் அரைப்பாலையிலும். பெரும்பகுதி கஜகஸ்தானில்; கொஞ்சம் ரஷ்யாவில், காஸ்பியன் கடலுக்கு வடமேற்கே கல்மீக்கியாப் பக்கம்; உஸ்பெகிஸ்தானின் உஸ்த்யுர்த் மேட்டுநிலத்தில் சிறிதளவு. மேற்கு மங்கோலியாவில் இருப்பது தனித் துணையினம். சீனாவின் சிஞ்சியாங் பகுதியில் இருந்தவை 1960களில் அற்றுப்போயின. கஜக்குகள் இதை அக்போக்கென் என்கிறார்கள். தோள்வரை 60 முதல் 80 சென்டிமீட்டர் உயரம், 20 முதல் 50 கிலோ எடை. நல்ல வெள்ளாட்டைவிடப் பெரியதல்ல. முகத்தைப் பார்த்தால் யாரோ யானைக்குட்டியின் துதிக்கையைப் பாதியில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கும். வாய்வரை தொங்கும் அந்த மூக்குக்குள் சவ்வு மடிந்து மடிந்து கிடக்கும். கோடையில் மந்தை ஓடும்போது கிளம்பும் புழுதி அங்கேயே தங்கிவிடும். குளிர்காலத்தில் உறைகாற்று நுரையீரலுக்குப் போகும் முன் சூடாகும். டிசம்பரில் கூடல் பருவம் வந்தால் கிடாவின் மூக்கு இன்னும் வீங்கிவிடும், வாயைத் திறக்காமல் அந்த மூக்கு வழியாகவே உறுமும்.

அங்கே மேய்ச்சல் என்பது ஊசிப்புல்லும், மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த கசப்புச் செடிகளும்தான். மழை ஓரிடத்தில் பெய்தால் அடுத்த இடத்தில் பெய்யாது. ஆகவே சைகாவுக்கு ஊர் என்று ஒன்றில்லை. வசந்தத்தில் வடக்கே போகும், பனி விழத் தொடங்கினால் தெற்கே இறங்கும். சில மந்தைகளின் நடை ஒரு பருவத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பனி உருகி மறுபடி உறைந்து புல்மேல் கண்ணாடிபோலப் படிந்துவிட்டால் குளம்பால் சுரண்டியும் தின்ன முடியாது. இதற்குக் கஜக் மொழியில் ஜுட் என்று பெயர். அப்படிப்பட்ட குளிர்காலத்தில் ஆடும் மாடும் குதிரையும் சைகாவும் சேர்ந்தே சாகும். வேலியும் ரயில் பாதையும் ஏன் பெரிய விஷயம் என்பதற்கு இதுதான் காரணம். விலகிப் போக வழி இருந்தால்தான் ஜுட்டிலிருந்து தப்பலாம்.

இப்படித் திடீர் திடீரென்று சாகும் விலங்கு, இனம் அழியாமல் இருக்க ஒரே உபாயம் வேகமாகப் பெருகுவது. சைகா அதைத்தான் செய்கிறது. மே மாதத்தில் ஈனும் பெட்டை, தன் குட்டி பெட்டையாக இருந்தால் அதே ஆண்டு டிசம்பரில் அதுவும் சினைபிடிப்பதைப் பார்க்கும். பிறந்து ஏழெட்டு மாதத்தில் சினை, ஒரு வயதில் தலையீற்று. தலையீற்றில் பெரும்பாலும் ஒன்று, அடுத்த ஈற்றிலிருந்து இரட்டை. குட்டி ஒவ்வொன்றும் மூன்று, மூன்றரைக் கிலோ. தாயின் எடையோடு ஒப்பிட்டால், காட்டில் வாழும் குளம்பு விலங்குகளிலேயே வயிற்றில் அதிகம் சுமப்பது இதுதான். ஆயிரக்கணக்கான பெட்டைகள் ஓரிடத்தில் கூடி ஒரு வாரம், பத்து நாளில் ஈன்று முடித்துவிடும். ஓநாய் எவ்வளவுதான் தின்னும்?

கணக்காகப் பார்க்கலாம். தோராயக் கணக்குதான். ஏப்ரலில் 1000 சைகா இருக்கின்றன, அதில் 650 பெட்டை. தலையீற்றுக்காரி 250, அவை 200 குட்டி போடட்டும். மீதி 400, சராசரி ஒன்றரைக்குச் சற்று மேல் போட்டால் 650. ஆக 850 குட்டி. அடுத்த ஏப்ரல்வரை அதில் 65 சதவீதம் பிழைத்தால் 550. பெரியவற்றில் 100 செத்தால் 900. மொத்தம் 1450. ஒரே ஆண்டில் 45 சதவீதம் ஏற்றம். இது வெறும் காகிதக் கணக்கும் அல்ல. கஜகஸ்தானில் 2022இல் எண்ணியபோது 13 லட்சம், 2023இல் 19 லட்சம், 2024இல் 28 லட்சம்.

இந்தக் கணக்கில் சத்தமில்லாமல் ஒளிந்திருப்பது கிடா. 650 பெட்டையும் சினைபிடித்துவிடும் என்று எடுத்துக்கொண்டோமே, அதற்குப் போதுமான கிடா இருக்க வேண்டும். கிடா ஒன்று பல பெட்டைகளை வளைத்து வைத்துக்கொள்ளும், அதனால் சில கிடாக்களே போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கல்மீக்கியா அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. கொம்புக்காகக் கிடாக்களையே குறிவைத்துச் சுட்டுச் சுட்டு, அங்கே வளர்ந்த கிடாக்களின் பங்கு மந்தையில் 1 சதவீதத்துக்கும் கீழே போனது. கிடா குறைய ஆரம்பித்தபோது சினை விகிதம் படிப்படியாகக் குறையவில்லை. ஓர் எல்லைவரை தாங்கியது, பிறகு மடமடவென்று சரிந்தது. வயதான பெட்டைகள் இருக்கிற ஒன்றிரண்டு கிடாக்களைச் சூழ்ந்துகொண்டு இளம் பெட்டைகளை முட்டி விரட்டின, தலையீற்றுக்காரிகள் சினைபிடிக்காமலே நின்றன. ஈ. ஜே. மில்னர்-குல்லண்டும் சக ஆய்வாளர்களும் 2003இல் நேச்சர் இதழில் எழுதியது இதைத்தான். மந்தை கண்ணுக்குத் தெரிகிறது, பெட்டைகள் நிற்கின்றன, ஆனால் மே மாதத்தில் தரையில் குட்டி இல்லை. ஆகவே ஒரு மந்தையின் தலைகளை மட்டும் எண்ணிவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது, கிடா எத்தனை?

இவ்வளவு கிடா எப்படிச் செத்தது என்றால், ஒரு நாடு உடைந்ததால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சைகா ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. 1919 வாக்கில் வேட்டையைத் தடுத்தார்கள், நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல லட்சமாக மீண்டது. பிறகு சோவியத் அரசே ஆள் வைத்து, எண்ணிக்கை பார்த்து, ஆண்டுதோறும் வேட்டையாடியது. இரவில் வண்டி விளக்கைப் போட்டால் சைகா திகைத்து நின்றுவிடும், சுடுவது எளிது. இல்லையென்றால் மோட்டார் சைக்கிளால் விரட்டி, வாய் அகன்று உள்ளே குறுகும் பட்டிக்குள் தள்ளுவார்கள். இந்த வித்தை எல்லாம் தெரிந்த ஆட்களுக்கு 1991க்குப் பிறகு சம்பளம் நின்றது. கூட்டுப் பண்ணை கலைந்தது, ஆடுமாடு விற்றுப்போனது. அதே சமயத்தில் சீன எல்லை திறந்தது, கொம்புக்கு டாலரில் விலை வந்தது. கிராமத்தில் கையில் இருந்தது மோட்டார் சைக்கிளும் துப்பாக்கியும். 1990களின் தொடக்கத்தில் 10 லட்சத்தை ஒட்டி இருந்த எண்ணிக்கை, பத்தே ஆண்டில் சுமார் 50,000 ஆனது. 2003இல் கஜகஸ்தான் முழுக்க எண்ணியது ஏறத்தாழ 21,000. 2002இல் சைகாவை உலகளவில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தார்கள்.

இதில் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கசப்பு ஒன்று உண்டு. காண்டாமிருகக் கொம்புக்குப் பதிலாகச் சைகாக் கொம்பைப் பயன்படுத்துங்கள் என்று காட்டுயிர்ப் பாதுகாப்புத் தரப்பிலிருந்தே அக்காலத்தில் யோசனை சொன்னார்கள். லட்சக்கணக்கில் இருக்கிறதே, என்ன குறைந்துவிடப் போகிறது என்ற தைரியம். நல்ல எண்ணம்தான். விளைவு மேலே இருக்கிறது.

கொம்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் இப்படி விலை என்பது ஓரளவு புரியும். சீன மருந்தியல் நூல் தரும் இலக்கணம்: நீளம் 15 முதல் 33 சென்டிமீட்டர், நுனியைத் தவிர மற்ற இடத்தில் 10 முதல் 16 வளையங்கள். நிறம் பாலாடையும் தேனும் கலந்தாற்போல இருக்கும். எலும்புத் தண்டை உருவி எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், உள்ளே ஒரு மெல்லிய துளை நுனிவரை ஓடுவது தெரியும். கடைக்காரர்கள் முதலில் பார்ப்பது இந்தத் துளையைத்தான், ஏனென்றால் ஆட்டுக்கொம்பைச் செதுக்கி வளையம் வெட்டி விற்கும் போலிகள் நிறைய. அடுத்து, வளையங்களுக்கு இடையே விரல்கள் சரியாகப் பதிகின்றனவா என்று பிடித்துப் பார்ப்பார்கள். மருந்தாகக் கொடுப்பது சொற்பம். மெல்லிய சீவலாக 1 முதல் 3 கிராம், மற்றச் சரக்குகளோடு சேர்க்காமல் தனியாக 2 மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைக்க வேண்டும். பொடியாக என்றால் 0.3 முதல் 0.6 கிராம். காய்ச்சல், வலிப்பு, உடற்சூடு இவற்றுக்கு.

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கடைசிச் சொல் புதிதல்ல. உடம்பு சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு நம் வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் ஒன்றுதான். நாம் வெந்தயத்தையும் இளநீரையும் தேடும் இடத்தில், அங்கே சீன மருந்துக் கடைகளில் குளிர்ச்சித் தண்ணீர் என்று சின்னப் பாட்டில்கள் விற்கின்றன. அவற்றில் ஒரு வகை சைகாக் கொம்பை வேகவைத்த தண்ணீர். சிங்கப்பூர் நெடுங்காலமாகச் சைகாக் கொம்பு வணிகத்தில் முக்கியமான ஊர். வாங்குபவர் பலருக்கு அது எந்த விலங்கு, எங்கே இருக்கிறது என்று தெரியாது. லிங் யாங் என்ற பெயர் மட்டும் தெரியும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சைகா 1995இல் சேர்ந்தது. காட்டுச் சைகாவின் கொம்பை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்யும் அளவு பூஜ்யம் என்று 2019இல் முடிவானது. ஆனால் அதற்கு முன்பே பல நாடுகளில் குவிந்த இருப்பு சட்டப்படி விற்கக்கூடியதாகவே இருந்தது. பழைய கொம்பும் நேற்றுச் சுட்ட கொம்பும் பார்வைக்கு ஒன்றுதான், சீவிய பிறகு கேட்கவே வேண்டாம்.

சரி, புல்வெளியில் என்ன செய்தார்கள்? கஜகஸ்தான் 1999இல் வேட்டையை முழுதாகத் தடுத்தது. தாளில் தடை வந்தும் எண்ணிக்கை மேலும் விழுந்தது, ரோந்துக்கு ஆளும் எரிபொருளும் வந்த பிறகுதான் நின்றது. தமிழ்நாட்டைப் போலப் பல மடங்கு பரப்பில் மரம் மட்டை இல்லாத வெளி. ஒளிய இடம் இல்லை என்பது வேட்டைக்காரனுக்கு மட்டுமல்ல, காவலருக்கும்தான். வண்டிப் புழுதி வெகு தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். எங்கு பார்த்தாலும் திரிந்துகொண்டிருப்பதால் பயனில்லை, மந்தை இருக்கும் இடத்தில் காவல் இருக்க வேண்டும். கழுத்துப்பட்டை மூலம் செயற்கைக்கோள் வழியாக இடம் அறியும் கருவி அதற்குத்தான் வந்தது.

பட்டை மாட்டுவது சொல்லும் அளவுக்கு எளிதல்ல. விரட்டி வலையில் விழச் செய்ய வேண்டும். விழுந்ததும் கண்ணைக் கட்டுவது முதல் வேலை, கண் மறைந்தால் துள்ளல் அடங்கும். நீண்ட நேரம் விரட்டினாலோ, வெயிலில் செய்தாலோ, உடல் சூடேறித் தசை கெட்டு, விட்ட பிறகு சாகும். அதனால் விரட்டும் தூரம் குறைவாக இருக்க வேண்டும், பிடித்து வைக்கும் நேரம் சில நிமிடங்களைத் தாண்டக் கூடாது. இந்தப் பதற்றக் குணத்தால்தான் கூண்டில் வளர்ப்பதும் பலமுறை தோற்றது. சைகாவுக்கு வேலி புரியாது. மிரண்டால் நேரே ஓடி வேலியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளும்.

காவல் மும்முரமாக வேண்டிய காலம் இரண்டு. கூடல் பருவத்தில் கிடாக்கள் மேய்ச்சலை மறந்து, ஒன்றோடொன்று முட்டிக் களைத்து, கண் மண் தெரியாமல் நிற்கும். கொம்பு வேட்டைக்கு அதைவிட வசதி இல்லை. பருவம் முடிந்த பிறகும் மெலிந்த கிடாக்கள் குளிரில் நிறையச் சாகும். மற்றது மே மாத ஈற்றுக் காலம். குட்டி முதல் சில நாள் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும், தாய் பால் கொடுக்க மட்டும் வந்து போகும். வண்டி ஓட்டினால் சக்கரத்துக்கு அடியில்தான் குட்டி. எனவே எடை பார்க்கும் ஆய்வாளர்கள் நடந்தே போவார்கள், கையுறை போட்டுத் தூக்குவார்கள். ஈனும் இடத்தைச் சைகா தேர்வது பெரும்பாலும் ஊரிலிருந்து எட்டியே. மனிதக் குடியிருப்பு விரிய விரிய அந்த இடமும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

2005 வாக்கில் தொடங்கிய அல்த்தின் தாலா திட்டம் — பொன்வெளி என்று பொருள் — கஜக் அரசையும் அந்நாட்டுப் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சங்கத்தையும் வெளிநாட்டு அமைப்புகளையும் சேர்த்து மத்தியப் புல்வெளியில் காப்பகங்களை உண்டாக்கியது. இர்கிஸ்-துர்காய் 2007, அல்த்தின் தாலா 2012. எல்லைச் சாவடிகளில் சைகாக் கொம்பை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கினார்கள். வேட்டைக்காரன் ஒரு கொம்பைத்தான் சுமப்பான், இடைத்தரகன் மூட்டை சுமப்பான். இந்த இடத்தில் பிடித்தால்தான் கணக்குத் தீரும். 2019இல் மட்டும் இரண்டு காவலர்களை வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். அதன் பிறகே தண்டனையைக் கடுமையாக்கினார்கள். அதற்கு இரண்டு உயிர் போக வேண்டியிருந்தது.

உஸ்த்யுர்த் கூட்டத்தின் கதை வேறு. அங்கே வேட்டையோடு, கஜக்-உஸ்பெக் எல்லை வேலியும் 2014இல் முடிந்த ஷல்கார்-பெய்னெவு ரயில் பாதையும் குறுக்கே விழுந்தன. சைகா மணிக்கு 70 கிலோமீட்டர் ஓடும், ஆனால் முள்கம்பியைத் தாண்டிக் குதிக்கும் பழக்கம் இல்லை. தலையைத் தாழ்த்தி ஓடுவது, அடியில் நுழைவதுதான் அதற்கு வரும். கீழ்க்கம்பியை எடுத்துவிட வேண்டும் அல்லது உயர்த்த வேண்டும், அதுவும் வேலி நெடுக. அங்கொன்று இங்கொன்றாக வாசல் வைத்துவிட்டு, சைகா தேடி வந்து கண்டுபிடிக்கும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. 2015இல் அந்தக் கூட்டத்தில் எண்ணியது 1,270. 2022இல் 28,000 ஆனது.

அதே 2015 மே மாதத்தில்தான் நடுக் கஜகஸ்தானின் பெத்பக்-தாலாவில் அந்தப் பெருஞ்சாவு நடந்தது. மூன்று வாரத்தில் 2 லட்சத்துக்கு மேல். உலகில் இருந்த சைகாவில் பாதிக்கும் அதிகம். ஈற்றுக்குக் கூடிய பெட்டைகள் காலையில் சோர்ந்து நிற்கும், சில மணி நேரத்தில் விழும். பால் குடித்த குட்டி பின்னாலேயே சாகும். நோய் தொட்ட கூட்டத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா. நம் ஊரில் மாட்டுக்கும் எருமைக்கும் வரும் தொண்டை அடைப்பானை உண்டாக்குவதும் இதே இனம்தான். சைகாவின் உடலில் அது சும்மாதான் குடியிருந்தது. முந்தைய பத்து நாட்களில் அப்பகுதிக்கு வழக்கமில்லாத வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்ததில் கிளர்ந்தெழுந்தது. 2016 இறுதியில் தொடங்கி மங்கோலியாவில் வீட்டு ஆடுகளிடமிருந்து ஆட்டுக்கொல்லி நோய் தொற்றி, அங்கிருந்த சைகாவில் பாதிக்கு மேல் செத்தது. அதற்காவது ஆடுகளுக்குத் தடுப்பூசி போடலாம். வானிலைக்கு ஊசி கிடையாது. 2 லட்சம் செத்தும் இனம் பிழைத்ததற்குக் காரணம், செத்தது போக மிஞ்ச அளவுக்கு அப்போது இருந்ததுதான். 2003இல் இந்த நோய் வந்திருந்தால்?

இப்போது பிரச்சினை தலைகீழாகியிருக்கிறது. 2023 இறுதியில், அழிவு அபாயத்தை அளவிடும் உலகப் பட்டியலில் சைகா அச்சுறுத்தலை நெருங்கும் நிலைக்கு, அதாவது அபாயத்தில் பல படி கீழே, நகர்த்தப்பட்டது. உரால் ஆற்றுப் பக்கம் 2022இலேயே 8 லட்சம். அங்குள்ள விவசாயி வைக்கோலுக்கு விட்ட புல்லை மந்தை மேய்ந்தும் மிதித்தும் போகிறது, மாடு குடிக்கும் குட்டையைக் கலக்குகிறது. வறட்சி ஆண்டில் இது சிறிய இழப்பு இல்லை. அவரைப் பேராசைக்காரர் என்று நகரத்திலிருந்து திட்டுவது சுலபம். 2023 இலையுதிர்காலத்தில் அரசு மந்தையைக் குறைக்கத் தொடங்கி, சில மாதத்தில் நிறுத்தியது, பிறகு மறுபடி பேச்சு எழுந்தது.

குறைப்பதே தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. எதை, எப்போது, எந்த எண்ணை நம்பி என்பதுதான் கேள்வி. ஏப்ரலில் விமானத்திலிருந்து பட்டை பட்டையாகப் பறந்து எண்ணுகிறார்கள். சிறு கூட்டங்கள் கண்ணுக்குத் தப்பும், பெரிய கூட்டத்தை 5000 என்று ஒருவரும் 8000 என்று பக்கத்தில் இருப்பவரும் சொல்வார்கள். பறந்த பட்டையிலிருந்து மொத்தப் பரப்புக்குப் பெருக்கும்போது அந்தப் பிழையும் பெருகும். படம் எடுத்து நிதானமாக எண்ணினால் ஒரு பகுதி சரியாகும். ஏப்ரல் எண்ணை வைத்து இலையுதிர்காலத்தில் சுட்டால், இடையில் மே மாத நோயும் கோடை வறட்சியும் கணக்கில் வந்திருக்காது. கிடாவை மட்டும் எடுத்தால் கல்மீக்கியா. கிடா, பெட்டை இரண்டையும் சேர்த்து, இளசும் முதிர்ந்ததுமாக எடுக்க வேண்டும். ஆனால் இறைச்சிக்கூடம் கணக்குப் பார்ப்பது கிலோவில், கொம்புக்காரர் கணக்குப் பார்ப்பது ஜோடியில்.

எடுத்த கிடாக்களின் கொம்பை என்ன செய்வது என்பதும் பாக்கி. எரித்தால் விவசாயிக்குக் கொடுக்க இழப்பீட்டுப் பணம் எங்கிருந்து வரும் என்கிறார்கள். விற்பதென்றால் ஒவ்வொரு கொம்பிலும் எண் பொறித்து, எந்த மந்தை, எந்தத் தேதி என்று பதிந்து, கடைசிக் கடைவரை அந்தப் பதிவு கூடவே போக வேண்டும். கொம்பு முழுசாக இருக்கும்வரை அது நடக்கும். 3 கிராம் சீவலில் எண்ணை எங்கே பொறிப்பது?